மீன்தொட்டியின் கீழ்வடிகட்டியில் நீரோட்டக் குறைகளும் அவற்றை நீக்கும் முறைகளும்

முன்னுரை

நெற்செய்கையிலும் காய்கறிச் செய்கையிலும் ஈடுபட்டுள்ள கமக்காரரிற் பலர், வீட்டுத் தாழ்வாரத்திலே தொட்டிகளை அமைத்து அலங்கார மீன் வளர்த்து வருகின்றனர். போகத்துக்கும் போகத்துக்கும் இடையிலே கைச்செலவுக்குப் பணந் தருவதாலும், வீட்டிலுள்ள முதியோரும் கவனித்துக்கொள்ளக் கூடியதாக இருப்பதாலும், இது கமத்துக்கு ஏற்ற துணைத்தொழிலாகும். இலங்கையிலிருந்து பிறநாடுகளுக்கு அனுப்பப்படும் நன்னீர் அலங்கார மீன்களுள் கப்பி முதன்மையான ஓரினம். இத்துறையின் வளர்ச்சிக்கெனத் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிறுவப்பட்டது.

மாதக்கணக்காக வளர்த்த மீன்கள் ஓரிரவிலே மடிந்து மிதப்பதுண்டு. அதனை நோயென்று எண்ணி மருந்து வாங்குவோர் பலர். ஆயினும், வடிகட்டியிலே நீரோட்டம் தடைப்பட்டமையே பல சமயங்களில் உண்மைக் காரணமாகும். அத்தடை எவ்விடத்தில் உண்டாயிற்று என்பதை அறிந்து நீக்குதற்குக் கண்ணும் ஓர் அடிக்கோலும் ஒரு வாளியும் போதும். வயலிலே வாய்க்கால் அடைபட்ட இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவருக்கு இவ்வேலை புதியதன்று. அதனை முறையாகச் செய்யும் வழியை இப்பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

வடிகட்டியின் அமைப்பு

இங்கே கூறப்படும் வடிகட்டி, மீன்தொட்டிக்குக் கீழே வைக்கப்படும் மற்றொரு தொட்டியாகும். மீன் வாழும் தொட்டியை மேற்றொட்டி என்றும், வடிகட்டும் தொட்டியைக் கீழ்த்தொட்டி என்றும் கூறுவோம்.

மேற்றொட்டியிலே நீர் ஒரு குறித்த மட்டத்துக்கு மேல் ஏறியதும், அங்குள்ள வழிவாயின் விளிம்பைக் கடந்து இறங்குகுழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு வருகின்றது. கீழ்த்தொட்டி மூன்று அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதலறையிலே ஸ்பொஞ்சு அழுக்கைத் தடுக்கும். இரண்டாம் அறையிலே கழுவிய கருங்கற் சல்லி, உடைத்த ஓட்டுத் துண்டு போன்றவை இடப்பட்டிருக்கும். மூன்றாம் அறையிலே நீர்ப்பம்பி இருக்கும். அது தெளிந்த நீரை ஏறுகுழாய் வழியாக மேற்றொட்டிக்குத் திருப்பி அனுப்பும்.

விளக்கத்தின் பொருட்டு ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். மேற்றொட்டி 4 அடி நீளமும் 1½ அடி அகலமும் 1½ அடி உயரமும் உடையது. வழிவாயின் விளிம்பு தொட்டியின் விளிம்பிலிருந்து 2 அங்குலம் கீழே உள்ளது. இத்தொட்டி ஏறக்குறைய 225 லீற்றர் நீர் கொள்ளும். கீழ்த்தொட்டி 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 15 அங்குல உயரமும் உடையது. அறை ஒவ்வொன்றும் 8 அங்குல நீளமானது. முதலாந் தடுப்பு, அடியிலே ஓரங்குல இடைவெளி விட்டு, தொட்டியின் அடியிலிருந்து 12 அங்குல உயரம் வரை நிற்கின்றது. நீர் அதன் கீழாகச் சென்று இரண்டாம் அறையிலே மேலெழும். இரண்டாந் தடுப்பு 7 அங்குல உயரமானது. நீர் அதன் மேலாக வழிந்து பம்பியறையிலே விழும். பம்பியறையிலே 6 அங்குல நீர் நிற்பது வழக்கமான நிலை எனக் கொள்வோம்.

நீரோட்டம் ஏன் இன்றியமையாதது?

மீனின் கழிவிலிருந்தும், தின்னாது விடப்பட்ட உணவிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. இது மீனுக்கு நஞ்சு. இரண்டாம் அறையிலுள்ள கற்களின் மேற்பரப்பிலே வாழும் பற்றீரியாக்களுள் ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாகவும், மற்றொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சே, நைத்திரேற்றோ மீனுக்கு அத்துணைத் தீங்கு செய்வதன்று. வயலிலே இடப்படும் யூரியா மண்ணிலே அடையும் மாற்றமும் இத்தகையதே.

இப்பற்றீரியாக்கள் ஒட்சிசன் இல்லாது தொழிற்பட மாட்டா. ஓடும் நீரே அவற்றுக்கு ஒட்சிசனையும் உணவையும் கொண்டு செல்கின்றது. நீரோட்டம் நின்றால் மேலே மீன் மூச்சுத் திணறும். கீழே பற்றீரியா மடியும். மேலும், காரத்தன்மை மிகுந்த நீரிலே அமோனியாவின் நஞ்சு கூடுதலாகும். ஆகவே, சுண்ணக்கற் பகுதியாகிய யாழ்ப்பாணத்திலே கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் நீரோட்டத்தில் மிகுந்த கவனஞ் செலுத்துதல் வேண்டும்.

முதல் விதி

மழைக்காலத்திலே குளம் நிரம்பி வான் பாயும்போது, குளத்துக்கு வரும் நீரின் அளவே வானாற் செல்லும். மேற்றொட்டியின் வழிவாயும் அவ்வாறானதே. பம்பி எவ்வளவு நீரை ஏற்றுகின்றதோ அவ்வளவே கீழே இறங்கும். இறங்குகுழாயைப் பெரிதாக்குவதால் நீரோட்டம் கூடாது. சிறிதாக்கினால் மேற்றொட்டி வழிந்தோடும். ஆகவே நீரோட்டத்தைத் தீர்மானிப்பது பம்பி; அதற்கு இடங்கொடுப்பது இறங்குகுழாய். இறங்குகுழாய் ஏறுகுழாயிலும் அகன்றதாக இருத்தல் வேண்டும். ஏறுகுழாய் முக்கால் அங்குலமாயின், இறங்குகுழாய் ஒன்றரை அங்குலமாக இருப்பது நன்று.

இரண்டாம் விதி

வாய்க்கால் அடைபட்டால் அடைப்புக்கு மேலே நீர் தேங்கும், கீழே குறையும். வடிகட்டியிலும் இதுவே நியதி. எனவே பம்பியைக் கழற்றுவதற்கு முன்னர், நீர் எங்கே தேங்கி நிற்கின்றது, எங்கே குறைந்திருக்கின்றது என்று பார்த்தல் வேண்டும்.

மேற்றொட்டியின் மட்டத்தை வழிவாய் நிலைநிறுத்துகின்றது. முதலிரு அறைகளின் மட்டத்தைத் தடுப்பு நிலைநிறுத்துகின்றது. ஆகையால், நீரிலே ஏற்படும் கூடுதல் குறைதல் எல்லாம் பம்பியறையிலேயே வெளிப்படும். பம்பியறை இவ்வமைப்பின் கணக்கேடு எனலாம். அதன் சுவரிலே வழக்கமான மட்டத்தை நிறமையினாற் கோடிட்டு வைத்தல் வேண்டும்.

பம்பியறையிலே நீர் குறைந்திருந்தால், அந்நீர் நான்கிடங்களுள் ஒன்றுக்குச் சென்றிருத்தல் வேண்டும்: முதலறையிலே தேங்கியிருக்கலாம், மேற்றொட்டியிலே தேங்கியிருக்கலாம், ஆவியாகியிருக்கலாம், ஒழுகியிருக்கலாம். இந்நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் குறை தானே வெளிப்படும்.

நீரோட்டத்தை அளத்தல்

கண்மதிப்பு ஏமாற்றும், ஆதலால் அளந்தறிக. 10 லீற்றர் வாளியொன்றை ஏறுகுழாயின் வாயில் பிடித்து, அது நிரம்ப எத்தனை வினாடி செல்கின்றது என்று கடிகாரத்தைப் பார்க்க. 36,000 என்னும் எண்ணை அவ்வினாடிகளாற் பிரித்தால், மணிக்கு எத்தனை லீற்றர் என்பது கிடைக்கும். வாளி 36 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 1,000 லீற்றர். 72 வினாடி சென்றால் 500 லீற்றர். அளக்கும்போது பம்பியறை வற்றாதிருக்க, அளந்த நீரை உடனே மேற்றொட்டியில் ஊற்றிவிடுக.

தொட்டியின் நீர் முழுவதும் மணிக்கு நான்கு அல்லது ஐந்து முறை வடிகட்டியூடாகச் சென்று வருதல் போதும். நாம் எடுத்துக்கொண்ட தொட்டிக்கு மணிக்கு 1,000 லீற்றர் தக்க அளவாகும். வடிகட்டி புதிதாயிருக்கும் நாளிலே அளந்த வினாடிகளைத் தொட்டியின் பக்கத்தில் எழுதி வைத்தால், பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பம்பியின்மீது அச்சிடப்பட்டுள்ள அளவு, நீரை உயர்த்தாதபோது கிடைப்பது என்பதை மறத்தலாகாது. மணிக்கு 2,000 லீற்றர் என்றும், ஏற்றக்கூடிய உயரம் 2 மீற்றர் என்றும் குறிக்கப்பட்ட பம்பி, ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய பாதியளவோ சிறிது கூடவோதான் தரும். இரண்டு மீற்றரில் ஒன்றுந் தராது. குழாயிலுள்ள ஒவ்வொரு முழங்கை வளைவும் இன்னுஞ் சிறிது குறைக்கும்.

குறை 1: முதலறையில் நீர் ஏறிப் பம்பியறையில் குறைதல்

இது ஸ்பொஞ்சு அடைபட்டதன் அறிகுறி. மூன்று அறைகளும் ஒரே பரப்புடையவை ஆதலால், முதலறையில் ஏறிய ஒவ்வோர் அங்குலமும் பம்பியறையில் இறங்கிய ஓர் அங்குலமாகும். முதலறை 7 அங்குலத்திலிருந்து 12 அங்குலம் வரை ஏறினால், பம்பியறையிலே ஓரங்குல நீரே எஞ்சும். அப்போது பம்பி காற்றை உறிஞ்சி இரையும். மேற்றொட்டியில் நுண்குமிழிகள் நிறையும். நீரோட்டம் விட்டுவிட்டு வரும்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். பம்பியறையிலே நீர் குறைந்திருப்பதைக் கண்டு, ஆவியாகியது என்று எண்ணி, நீர் ஊற்றுகின்றனர். இரைச்சல் நிற்கின்றது. மறுநாளும் குறைகின்றது; மறுநாளும் ஊற்றுகின்றனர். உண்மையிலே நீர் குறையவில்லை. முதலறையில் ஏறி நிற்கின்றது. ஐந்தங்குலம் ஏறிய முதலறை ஏறக்குறைய 8 லீற்றர் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கீடாக ஊற்றப்பட்ட 8 லீற்றர், மின் தடைப்படும் வேளைக்கென வெறுமையாக விட்டுவைத்த இடத்தை நிரப்பிவிடும். பின்னர் ஒருநாள் மின் நின்றதும் கீழ்த்தொட்டி வழிந்தோடும்.

வேறு சிலர், பம்பி வலுவிழந்துவிட்டது என்று கருதிப் பெரிய பம்பி வாங்குவர். பெரிய பம்பி பம்பியறையை இன்னும் விரைவாக வற்றச் செய்யுமேயன்றிக் குறையைத் தீர்க்காது. பணமும் வீண், ஸ்பொஞ்சும் அடைபட்டபடியே இருக்கும்.

பரிகாரம்: பம்பியறையில் நீர் ஊற்றுமுன் முதலறையைப் பார்க்க. அது கோட்டுக்கு மேலிருப்பின் ஸ்பொஞ்சைக் கழுவுக, நீர் ஊற்றற்க. முதலாந் தடுப்பு 12 அங்குலமாக அமைக்கப்பட்டதும் இதன் பொருட்டே: ஸ்பொஞ்சு முற்றாக அடைபட்டாலும் நீர் தடுப்பின் மேலாக இரண்டாம் அறைக்குச் செல்லுமேயன்றி நிலத்தில் வழியாது. தடுப்பைத் தொட்டியின் முழு உயரத்துக்கும் வைத்தல் தவறு.

ஸ்பொஞ்சைக் கழுவிய பின்னும் முதலறை ஏறியே நிற்குமாயின், இரண்டாம் அறையின் அடியிலே சேறு படிந்து கீழ்வாயை அடைத்துள்ளது எனக் கொள்க. கற்களைத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் இட்டு, அடியில் வெளிவிட்டு வைத்தால், அச்சேற்றைக் குழாயால் உறிஞ்சி எடுத்தல் எளிது.

குறை 2: மேற்றொட்டியில் நீர் ஏறுதல்

மேற்றொட்டி வழக்கமான மட்டத்திலும் உயர்ந்து, பம்பியறை குறையுமாயின், அடைப்பு வழிவாயிலோ இறங்குகுழாயிலோ உள்ளது. நீர்த்தாவரத்தின் இலை, நத்தை, இறந்த மீன் என்பன வழிவாயின் சல்லடையிலே படிந்திருக்கலாம். சல்லடை மிக நுண்ணியதாயின் பாசியால் விரைவில் அடைபடும். மிக அகன்றதாயின் குஞ்சுகள் இறங்கிப்போகும். குஞ்சுத் தொட்டிகளிலே சல்லடையின் பரப்பைக் கூட்டுவதே தக்க வழி. துளையைச் சிறிதாக்கிப் பரப்பையும் சிறிதாக விடுதல் கேடு.

சல்லடை தூயதாயிருந்தும் நீர் ஏறினால், இறங்குகுழாயிலே காற்று அகப்பட்டிருக்கலாம். குழாயின் கீழ்முனை கீழ்த்தொட்டி நீரிலே ஆழமாக அமிழ்ந்திருந்தால், பம்பியைத் தொடக்கும்போது உள்ளேயிருக்கும் காற்று வெளியேற வழியின்றி நீரைத் தடுக்கும். கீழ்முனை நீர்மட்டத்துக்கு ஓரங்குலம் கீழே நின்றாற் போதும். குழாய் கிடையாகச் செல்லும் இடங்களிலே சிறிது ஈவு இருத்தல் வேண்டும். நடுவிலே தாழ்ந்து பின் உயரும் குழாயிலே காற்றும் சேறும் தங்கும்.

காப்பாக, முதலாம் வழிவாயினும் அரையங்குலம் உயர்ந்த இரண்டாம் குழாயொன்றை அமைத்தல் மிகவும் நன்று. நாள்தோறும் அது வறிதே நிற்கும். அதிலே நீர் விழும் ஓசை கேட்டால், முதற்குழாய் அடைபட்டது என்பதற்கு அதுவே எச்சரிக்கை.

இக்காப்பு இல்லாத தொட்டியிலே, பம்பியறை முழுவதும் வற்றினாலும் மேற்றொட்டி வழியாதவாறு அளவு அமைந்திருத்தல் வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட பம்பியறையின் 6 அங்குல நீர் முழுவதும் மேற்றொட்டிக்குச் சென்றால், அங்கே முக்கால் அங்குலத்திலும் குறைவாகவே மட்டம் உயரும். வழிவாய்க்கு மேலே 2 அங்குலம் விட்டிருப்பதால் ஆபத்தில்லை. பம்பியறையைப் பெரிதாக அமைப்போர் இக்கணக்கை மீண்டும் பார்த்தல் வேண்டும்.

குறை 3: கொறகொற ஓசையும் ஏறியிறங்கும் மட்டமும்

மேற்றொட்டியின் மட்டம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறுவதும், பின் பெரும் ஓசையுடன் இறங்குவதும் உண்டு. பீப்பாவிலுள்ள எண்ணெயைக் குழாயிட்டு உறிஞ்சி எடுக்கும்போது, குழாய் நிறைந்ததும் எண்ணெய் தானே இறங்குவதைப் பலரும் கண்டிருப்பர். இறங்குகுழாய் நீரால் நிறையும்போதும் அவ்வாறே ஓர் இழுப்பு உண்டாகின்றது. அது பம்பி தருவதிலும் விரைவாக நீரை இழுக்கும். மட்டம் தாழ்ந்ததும் காற்றை விழுங்கி அறுந்துவிடும். மீண்டும் மட்டம் ஏறும்.

பரிகாரம்: இறங்குகுழாயின் மேல்முனையிலே கீழ்நோக்கிய முழங்கை வளைவு ஒன்றைப் பொருத்தி, அதன் உச்சியிலே அரைக்கால் அங்குலத் துளையொன்று இடுக. அத்துளை வழியாகக் காற்று இடைவிடாது செல்வதால் இழுப்பு உண்டாகாது. ஓசையும் அடங்கும். துளை மிகப் பெரிதாயின் காற்றின் இரைச்சல் கேட்கும். சிறிதாயின் இழுப்பு தொடரும். சிறிதாகத் தொடங்கி, வேண்டியவாறு அகற்றிக்கொள்க.

குறை 4: எங்கும் தேக்கமின்றி நீரோட்டம் குறைதல்

மேற்றொட்டியிலும் முதலறையிலும் தேக்கமில்லை. ஆயினும் வாளி நிரம்ப முன்னையிலும் கூடிய நேரம் செல்கின்றது. பம்பியறையோ கோட்டுக்கு மேல் ஏறியுள்ளது. இந்நிலையில் குறை பம்பியிலோ ஏறுகுழாயிலோ உள்ளது. நீர் குறைவாக ஏறும்போது வழிவாயின் விளிம்பிலே பாயும் நீரின் கனம் குறையும். மேற்றொட்டியிலே கால் அங்குலம் தாழ்ந்தால், பம்பியறையிலே இரண்டேகால் அங்குலம் உயரும். ஆதலால் மேலே கண்ணுக்குத் தோன்றாத குறையும் கீழே தெளிவாகத் தோன்றும்.

பம்பியை மின்னிலிருந்து முற்றாகத் துண்டித்து, வெளியே எடுத்து, பின்வருவனவற்றைப் பார்க்க.

(அ) உறிஞ்சும் வாயின் சல்லடையிலே பாசியும் வேரும் படிந்துள்ளனவா?

(ஆ) உள்ளேயிருக்கும் சுழலியிலே வழும்பும் நாரும் சுற்றியுள்ளனவா? சுழலியை மெல்ல வெளியே இழுத்து, பழைய பற்தூரிகையால் அதனையும் அது இருக்கும் குழியையும் துலக்குக.

(இ) சுழலியிலே வெண்ணிறமாகச் சுண்ணாம்பு படிந்துள்ளதா? வன்னீர்க் கிணறுகளுள்ள இடங்களில் இது பெரிதும் காணப்படும். தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் துலக்கி, நன்னீரிற் கழுவிப் பொருத்துக. கத்தியாற் சுரண்டலாகாது.

(ஈ) ஏறுகுழாயின் உட்புறம் வழும்பு பிடித்துள்ளதா? கயிற்றிலே துணிச்சுருளைக் கட்டிக் குழாயூடாக இழுத்துத் துடைக்க. ஒளி புகும் குழாயிலே பாசி விரைவாகப் பிடிக்கும். கருநிறக் குழாய் சிறந்தது.

இவை யாவும் சரியாயிருந்தும் பம்பி நீரை ஏற்றாது இரையுமாயின், அதனுள்ளே காற்று அகப்பட்டிருக்கலாம். நீருக்குள்ளேயே பம்பியைச் சற்றுச் சாய்த்து, காற்றை வெளியேற விட்டுப் பின் மின்னைத் தொடுக்க.

குறை 5: ஆவியாதலும் ஒழுக்கும்

சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் நீர் விரைவாக ஆவியாகும். எல்லாத் தொட்டிகளின் பரப்பிலிருந்தும் போகும் நீர் சிறிய பம்பியறையிலேயே குறைவதால், நாளொன்றுக்கு அங்கே ஓரிரு அங்குலம் இறங்குதல் இயல்பு. இதற்கு நீர் ஊற்றுதல் வேண்டும். ஆனால் கோட்டுக்கு மேல் ஊற்றலாகாது.

ஆவியாகின்றதா, ஒழுகுகின்றதா என்ற ஐயம் உண்டாயின், முதலிலே ஈரமான நிலத்தையும் குழாய்ப் பொருத்துகளையும் பார்க்க. பின்னர், நீர் நிறைத்த வாயகன்ற பாத்திரமொன்றைத் தொட்டியருகே வைத்து, ஒரு பகலும் ஓரிரவும் சென்றபின் அதிலே எவ்வளவு குறைந்தது என அளக்க. மேற்றொட்டியின் பரப்புக் கணக்கின்படி, பம்பியறையில் இறங்கிய நீர் அதனிலும் மிகக் கூடுதலாயின் ஒழுக்கு உண்டு.

மின் தடைப்படும்போது

பம்பி நின்றதும், வழிவாய்க்கு மேலிருக்கும் நீர் கீழே இறங்கும். அத்துடன் நில்லாது, ஏறுகுழாயின் வாய் நீருக்குள் அமிழ்ந்திருந்தால், அக்குழாய் வழியாகவும் நீர் பின்னோக்கி இறங்கும். வாய் வெளிப்படும்வரை அது நில்லாது.

கணக்கைப் பார்ப்போம். மேற்றொட்டியின் பரப்பு 6 சதுர அடி. அதிலே ஓரங்குல நீர் ஏறக்குறைய 14 லீற்றர். ஏறுகுழாயின் வாய் 2 அங்குலம் அமிழ்ந்திருப்பின் 28 லீற்றர் இறங்கும். கீழ்த்தொட்டி 6 அங்குலம் உயரும். ஏழங்குலத்தில் நின்ற நீர் 13 அங்குலத்துக்கு வரும். தொட்டியின் உயரம் 15 அங்குலம் ஆதலால் வழியாது. ஆனால் வாய் 6 அங்குலம் அமிழ்ந்திருந்தால் ஏறக்குறைய 85 லீற்றர் இறங்கும். அதைத் தாங்கக் கீழ்த்தொட்டி 18 அங்குலம் உயரவேண்டும். அது இயலாது. நள்ளிரவிலே வீடு நனையும்; மேலே மீனுக்கு நீர் குறையும்; மின் வந்ததும் எஞ்சிய நீரோடு பம்பி வறிதே ஓடிக் கருகவும் கூடும்.

பரிகாரம்: ஏறுகுழாயிலே, மேற்றொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அரைக்கால் அங்குலத் துளையொன்று இடுக. மட்டம் அத்துளைக்குக் கீழே இறங்கியதும் காற்றுப் புகுந்து இழுப்பை அறுத்துவிடும். இத்துளை பாசியால் அடைபடும். வாரந்தோறும் ஈர்க்கினாற் குத்தித் துப்புரவு செய்க. பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு கடைகளிற் கிடைக்கும். சிறு நத்தையோ வழும்போ சிக்கினால் அது மூடாது. ஆகவே அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

மாதத்துக்கு ஒருமுறை, பகல் வேளையிலே நீங்களே பம்பியை நிறுத்தி, கீழ்த்தொட்டி எவ்வளவு உயர்கின்றது என்று நின்று பார்த்தல் வேண்டும். மின் தானாக நிற்கும் இரவிலே அறிவதைவிட, வேண்டி நிறுத்திய பகலிலே அறிவது நன்று.

மின் பல மணி நேரம் வராதிருப்பின், மீனுக்கு உணவிடுதலை நிறுத்துக. சிறு பாத்திரத்தால் நீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றுக. கால் மணிக்கொரு முறை சில நிமிடங்கள் இவ்வாறு செய்தால் ஒட்சிசன் சேரும். மின் வந்தபின், முதலறையின் அடியிலே தேங்கிய கருநீரை அகற்றிவிட்டுப் பம்பியைத் தொடக்குக.

கழுவும் முறை

ஸ்பொஞ்சையும் கற்களையும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே கழுவுதல் வேண்டும். குளோரீன் கலந்த குழாய்நீர் பற்றீரியாக்களைக் கொல்லும். சவர்க்காரம் அறவே கூடாது. கற்களை வெயிலிற் காயவிடுதலும் கூடாது. ஸ்பொஞ்சையும் கற்களையும் ஒரே நாளிலே கழுவலாகாது; ஒரு வாரம் ஸ்பொஞ்சு, இடைவெளிவிட்டுக் கற்களிற் பாதி என்று முறை வைத்துக்கொள்க. கழுவிய மறுநாளே மீன் மயங்குவது, அளவுக்கு மீறித் துப்புரவு செய்ததன் விளைவாகலாம். குழாய்நீரைப் புதிதாகச் சேர்ப்பதாயின், ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்துப் பின் சேர்க்க.

கழுவிய நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதிலே தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. கத்தரி, மிளகாய், வாழை ஆகியவற்றின் அடியிலே ஊற்றலாம். தொட்டியிலே உப்போ மருந்தோ இட்டிருந்த காலத்தில் மட்டும் பயிருக்கு ஊற்றலாகாது.

கமக்காரருக்குச் சிறப்பான எச்சரிக்கை

பீடைநாசினி இருந்த பீப்பாவையோ வாளியையோ எத்தனை முறை கழுவினாலும் வடிகட்டிக்குப் பயன்படுத்தலாகாது. மருந்து தெளித்த கையோடும் உடையோடும் தொட்டியைத் தொடற்க. தெளிகருவியைத் தொட்டி அருகிலே வைத்தலும் கழுவுதலும் ஆகா. வயலுக்கு நன்மை செய்வதாகிய ஒரு துளி, தொட்டியிலுள்ள மீன் அனைத்தையும் அழிக்கவல்லது.

நீரும் மின்னும் ஒருங்கே இருக்குமிடத்தில் உயிருக்கே ஆபத்துண்டு. நீரில் கை வைப்பதற்கு முன்னர் ஆளியை நிறுத்துவதோடு செருகியையும் கழற்றுக. மின்கம்பி, செருகும் இடத்துக்குக் கீழே ஒருமுறை தாழ்ந்து தொங்கிப் பின் மேலேறுமாறு அமைக்க. கம்பி வழியே வடியும் நீர் அத்தாழ்விலே சொட்டிவிடும். வீட்டு மின்னிணைப்பிலே மின்னொழுக்கின்போது தானே அறுந்துவிடும் காப்பு ஆளி இருத்தல் வேண்டும். தோல் வெடித்த கம்பியுடைய பம்பியைச் சீலையாற் சுற்றிப் பயன்படுத்தலாகாது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. முதலறை உயர்ந்து, பம்பியறை தாழ்ந்தால்: ஸ்பொஞ்சைக் கழுவுக, நீர் ஊற்றற்க.

2. மேற்றொட்டி உயர்ந்து, பம்பியறை தாழ்ந்தால்: வழிவாயையும் இறங்குகுழாயையும் பார்க்க.

3. பம்பியறை உயர்ந்து, நீர்வரவு மெலிந்தால்: பம்பியையும் ஏறுகுழாயையும் துலக்குக.

4. மற்றவை கோட்டில் நிற்க, பம்பியறை மட்டும் மெல்லத் தாழ்ந்தால்: ஆவியாதல் அல்லது ஒழுக்கு.

5. மட்டம் ஏறியிறங்கி ஓசை எழுந்தால்: இறங்குகுழாயின் காற்றுத்துளையைச் சரிசெய்க.

நாள்தோறும் காலையிலே மீனுக்கு உணவிடும்போது மூன்று மட்டங்களையும் ஒருமுறை பார்த்தல், வாரந்தோறும் ஸ்பொஞ்சும் காற்றுத்துளைகளும், மாதந்தோறும் பம்பியும் வாளி அளவும் மின்நிறுத்தச் சோதனையும் என்னும் ஒழுங்கைக் கைக்கொண்டால், பெரும்பாலான இழப்புகளைத் தவிர்க்கலாம். வயலிலே வரம்பைச் சுற்றிப் பார்க்கும் கமக்காரனுக்கு நீர் எங்கே தவறிப் போகின்றது என்பது தெரியும். அதே கண்ணோடு இத்தொட்டிகளையும் பார்த்தல் வேண்டும்.